“வீடு உனக்கு, பென்ஷன் எனக்கு” என்றால் சம்மதிக்கலாமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 47, ஆடைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் அரசாங்க ஆசிரியர். மூத்த மகள் பல்கலைக்கழகத்தில், இளையவளுக்கு 16. கணவர் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார். “வீடு உன் பெயரில்தானே இருக்கிறது, அதை வைத்துக்கொள். என் பென்ஷனிலும் வயலிலும் எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடு” என்கிறாராம். போடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்குப் போடவேண்டாம், தங்கச்சி. ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான ஒன்றை அவர் கொடுப்பது போலக் காட்டி, நீங்கள் கேட்கக்கூடியதை விடச் சொல்கிறார்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். அம்மா உறுதி எழுதிக் கொடுத்த சீதன வீடு உங்கள் தனிச்சொத்து. யாழ்ப்பாணத் தமிழருக்கான தனிச்சட்டமான தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. நமக்குப் பொதுச்சட்டம்தான். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனச் சட்டப்படி மனைவியின் சொத்து மனைவிக்கே. கணவன் மனைவி என்பதற்காகப் பாதிக்குப் பாதி பிரிக்கும் முறை இலங்கையில் இல்லை. மேல்மாடி கட்டத் தான் லோன் எடுத்ததாக அவர் சொன்னால், அந்தச் செலவுக்கு அவர் நட்டஈடு கேட்கலாம். அதற்காக வீடு அவருடையதாகாது. நீங்களும் உங்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதத்தை எடுத்துத்தான் கூரை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் எடுத்ததற்கான கடிதத்தையும், சீமெந்து, ஓடு வாங்கிய பில்லையும் தேடி எடுங்கள். ஒருமுறை ஒரு அம்மா பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். மங்கிப்போன ஓட்டுக்கடைப் பில், நகை அடகு வைத்த துண்டு, வங்கிப் புத்தகம். அவருடைய வழக்கைத் தாங்கி நின்றது அந்த டின்தான்.

சரி, பென்ஷனுக்கு வருவோம். அரசாங்க ஓய்வூதியத்தை நீதிமன்றம் இரண்டாக வெட்டி ஒரு துண்டை உங்கள் பெயருக்கு மாற்றாது. விவாகரத்து முடிந்தபின் அவர் காலமானால், விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியத்தில் விதவை என்று நீங்கள் உரிமை கோரவும் முடியாது. பிள்ளைகளின் உரிமை வேறு, அது விவாகரத்தால் அறுந்துபோகாது. பலர் இந்த இடத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு ஒரு பெரிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்போது மாவட்ட நீதிமன்றம் மொத்தமாக ஒரு தொகையோ, மாதாமாதம் ஒரு தொகையோ கட்டச் சொல்லலாம். சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். அந்தக் கொடுப்பனவுக்குக் காணியை ஈடாக வைக்கவும் சொல்லலாம். எவ்வளவு என்று தீர்மானிக்கும்போது அவருடைய சம்பளமும் நாளை வரப்போகும் பென்ஷனும் கணக்கில் வரவேண்டும் என்று உங்கள் சட்டத்தரணி வாதாடலாம். ஓய்வு பெறும்போது அவருக்குப் பணிக்கொடையும் மொத்தமாக வரும். மாதக் காசு அவர் ஆயுளோடு நின்றுபோகக்கூடும், அதனால் நான் என்றால் மொத்தத் தொகையையோ காணி ஈட்டையோதான் முதலில் கேட்பேன்.

இதையெல்லாம் அவருடைய வழக்குக்கு நீங்கள் நீதிமன்றத்தில் கொடுக்கும் மறுமொழியிலேயே எழுதிக் கேட்கவேண்டும். வழக்கு இழுபடும் காலத்துக்கான தாபரிப்பையும் (வாழ்க்கைச் செலவுப் பணம்) வழக்குச் செலவையும் தனியாகக் கேட்கலாம்.

நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்பது வேறு பாதை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் மனைவி என்ற நிலையில்தான் உங்களுக்கு உதவும். விவாகரத்தானபின் நீங்கள் மனைவி அல்ல. இளையவளுக்கு அந்த உரிமை உண்டு. மூத்தவளுக்கும் உண்டு: 18 தாண்டியும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 25 வயது வரை கேட்கலாம். அவர் கட்டாமல் விட்டால் சம்பளத்தில் கழிக்க உத்தரவு வாங்கலாம்.

அவருடைய வெல்லாவெளி வயல், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்கிறீர்கள். அப்படியானால் உறுதிக் காணி போல நினைத்தபடி கைமாற்ற முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பத்திரத்தில் பின்னுரித்தாளியாக (அவருக்குப் பின் உரிமை பெறுபவராக) யார் பெயர் இருக்கிறது என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் சேமலாப நிதி உங்கள் பெயரில் உள்ளது, பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். அதைப் பற்றி அவரோடு பேரம் பேசவேண்டாம். ஆனால் பின்னுரித்தாளியாக அவர் பெயரைக் கொடுத்திருந்தால், முதல் தீர்ப்பு வந்து குறைந்தது 3 மாதத்தின் பின் அது முடிவான தீர்ப்பானதும் மகள்மாரின் பெயருக்கு மாற்றுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. அழைப்பாணை, வீட்டு உறுதி, அவருடைய சம்பளச் சீட்டின் பிரதி ஏதும் இருந்தால் அது, மூன்றையும் எடுத்துக்கொண்டு அழைப்பாணையில் உள்ள தவணைக்கு முன்பே போங்கள்.