பாலைவனத்துல கல்லு பொறுக்குறது பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பினாங்கு, ஆயர் ஈத்தாம்ல இருக்கேன். முன்ன ஒன்பது வருஷம் ஆஸ்திரேலியாவுல அடிலேய்டுல இருந்தோம், லீவு கெடச்சா கூபர் பீடிக்கு, அதான் பல கலர் மின்னுற ஓப்பல் கல்லு தோண்டி எடுக்குற பாலைவன ஊரு, காடிய விட்ருவோம், ஒரு வழிக்கே 850 கிலோமீட்டர் கிட்ட. தங்கச்சி அரிசோனால இருக்கா, அந்தப் பக்கமும் சுத்தியிருக்கேன். வருஷக் கடைசி லீவுக்கு நெறைய பேரு கெளம்புறீங்கன்னு தெரியுது, கேளுங்க.

மணி (பட்டர்வொர்த்): அக்கா, சுத்தியல் உளி எல்லாம் இங்கேயே வாங்கிக்கவா, அங்க போய் வாங்கிக்கவா?

ரெண்டும் வேணாம் தம்பி. பாலைவனத்துல ஒடைக்குற வேலைய காத்தும் வெயிலும் எப்பவாச்சும் கொட்டுற மழையும் ஏற்கெனவே செஞ்சு முடிச்சிருக்கு. புழுதி எல்லாம் அடிச்சிக்கிட்டு போயிடும், கல்லு மட்டும் மேல தங்கி நெருக்க நெருக்கமா ஓடு பதிச்ச மாதிரி கெடக்கும், அந்த ஓடுதான் கீழ இருக்குற மண்ணு பறக்காம புடிச்சு வெச்சிருக்கு. அத ஒரு தடவ கெளறிட்டா ஆறுறதுக்கு நம்ம ஆயுசு பத்தாது. அமெரிக்காவுல மொஹாவி பாலைவனத்துல 1942ல ஜெனரல் பேட்டனோட படை டாங்கி ஓட்டி பயிற்சி எடுத்த தடம் இன்னைக்கும் தெரியுது, அவ்ளோதான் சொல்லுவேன். அதனால காடிய ரோட்டுலயே நிறுத்துங்க, நடங்க. காலைல இல்ல சாயங்காலம், சூரியன் தாழ இருக்குறப்ப சூரியனப் பாத்த மாதிரி நடந்தா அகேட்டுன்னு வரி வரியா இருக்குற கல்லு வெளிச்சத்த உள்ள வாங்கி வெளக்கு மாதிரி நிக்கும், மத்த கல்லு இருட்டா இருக்கும். கையில ஒரு ஸ்ப்ரே போத்தல், பழைய பல்லு பிரஷ், துணிப்பை. தண்ணி அடிச்சா பாலிஷ் போட்டா என்ன கலர் வரும்னு அங்கேயே தெரிஞ்சிடும், புடிக்கலையா, எடுத்த எடத்துல அதே பக்கம் மேல இருக்குற மாதிரி வெச்சிட்டு வாங்க. குடிக்கிற தண்ணி தனியா, ஆளுக்கு அஞ்சு லிட்டருக்கு கொறயாம.

கவிதா (செந்தூல்): கூபர் பீடில நாமளே ஓப்பல் தேடலாமா?

தேடலாம்மா. 1915ல அப்பா கூட தங்கம் தேடி வந்த 14 வயசுப் பையன் கண்ணுலதான் அங்க மொதல்ல ஓப்பல் பட்டிச்சு. சுரங்கத்துல இருந்து அள்ளிக் கொட்டுன மண்ணு மேடு மேடா கெடக்கும், அதக் கையால கெளறித் தேடுறத அந்த ஊர்ல நூட்லிங்னு சொல்லுவாங்க. ஊருக்குள்ள பொதுவா அதுக்குன்னே எடம் விட்டிருக்காங்க, அங்க மட்டும் போங்க, மத்த மேடெல்லாம் யாரோ ஒருத்தர் குத்தகை, கேக்காம கால் வைக்கக்கூடாது. இன்னொண்ணு, மூடாத குழி ஆயிரக்கணக்குல இருக்கு. போட்டோ எடுக்க பின்னாடி நடக்காதீங்க. புள்ளைங்க கைய விடாதீங்க.

ராஜூ: ஓப்பல தேங்காண்ணெயில ஊறப் போட்டா விரிசல் விடாதுன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, சரியா?

வேணாம். ஓப்பலுக்குள்ளயே தண்ணி இருக்கு, சூடு பட்டு அது சடார்னு காஞ்சாத்தான் விரிசல் விடும். எண்ணெய் உள்ள போய் அத நிறுத்தாது, மேல பிசுபிசுன்னு மஞ்சளா ஒட்டும். வெயில்ல காடி டேஷ்போர்டு மேல வைக்காதீங்க, அது போதும். கடையில வாங்குறவங்க கல்ல பக்கவாட்டுல பாருங்க, நேர்கோடு தெரிஞ்சா மெல்லிசு ஓப்பல கருப்புக் கல்லு மேல ஒட்டுனது. நானே ஒரு கடையில முழுக்கல்லு வெல குடுத்து ஒட்டுக்கல்லு வாங்கிட்டு வந்தவதான், ரெண்டு மாசம் அதப் போட்டுக்கிட்டே பாத்திரம் கழுவுனேன், தண்ணி எறங்கி மங்கிப் போச்சு.

தினேஷ்: போட்டோல இருக்குறது வைரமா?

இல்ல, குவார்ட்ஸ், சாதாரணப் படிகக் கல்லு.

ஷாலினி: என் போட்டோவும் பாருங்கக்கா, கண்ணாடிய கீறுது, அப்ப வைரம்தானே?

குவார்ட்ஸும் கண்ணாடிய கீறும்மா. வைரம் கெடைக்குற பாலைவனம் நமீபியால இருக்கு, 1908ல ரயில் பாதை வேலை பாத்த சக்கரியாஸ் லெவாலா மணல்ல கண்டெடுத்தாரு, ஆனா அங்க நீங்க ஒண்ணு பொறுக்குனாலும் ஜெயில்தான். வைரமான்னு இனிமே போட்டோ போடாதீங்க, பதில் சொல்ல மாட்டேன்.

முத்து: சின்ன சுத்தியலாச்சும்?

மேல மணிக்கு எழுதுனத படிங்க.

சேகர் (பிரிக்பீல்ட்ஸ்): அரிசோனால மரமெல்லாம் கல்லா மாறிக் கெடக்குற கல்மரக் காட்டுல ஒரு துண்டு பாக்கெட்டுல போட்டு வந்துட்டேன். தேசியப் பூங்காவாம். வெளிய கடையில அதே கல்மரத்த கூவிக் கூவி விக்கிறான், ஒரு துண்டுல என்னக்கா கொறஞ்சிடும்?

கடையில விக்கிறது தனியார் நெலத்துல எடுத்தது சேகர். பூங்காவுக்குள்ள ஒரு சில்லு கூட எடுக்கக்கூடாது, போர்டு போட்டிருப்பாங்க.

மணி: அண்ணன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குக்கா, மில்லியன் கணக்குல கெடக்குதே.

கவிதா: எல்லாரும் ஒண்ணு ஒண்ணு எடுத்தா? வருஷத்துக்கு எத்தன லட்சம் பேரு போறாங்க.

சேகர்: கவர்மெண்டு நெலத்துல எடுக்கலாம்னு சொல்றாங்க, பூங்காவும் கவர்மெண்டுதானே?

ரெண்டும் ஒண்ணு இல்ல, இதுலதான் எல்லாரும் தடுக்கி விழுறாங்க. அமெரிக்காவுல நெல மேலாண்மைத் துறை கையில இருக்குற பொது நெலத்துல, தடை போடாத எடத்துல, சொந்தத்துக்கு கல்மரம் ஒரு நாளைக்கு 25 பவுண்டும் கூட ஒரு துண்டும் எடுக்கலாம், வருஷத்துக்கு 250 பவுண்டுக்கு மேல போகக்கூடாது, விக்கவும் கூடாது. நியூ மெக்சிகோல ராக்ஹவுண்டுன்னு ஒரு மாநிலப் பூங்கா, அங்க ஆளுக்கு 15 பவுண்டு எடுத்துக்கோன்னு அவங்களே சொல்றாங்க. இப்படி ஆச தீர எடுக்க எடம் விட்டு வெச்சிருக்கப்ப, காப்பாத்தி வெச்சிருக்குற ஒரே எடத்துல போய் ஏன் கை வைக்கணும்? நீங்க மட்டும் இல்ல, அந்தப் பூங்காவுக்கு வருஷா வருஷம் மன்னிப்புக் கடிதத்தோட கல்லு தபால்ல திரும்ப வருது. ஆனா எந்த எடத்துல இருந்து எடுத்ததுன்னு தெரியாததால அத பழைய எடத்துல வைக்க முடியல, ஒரு குவியலா கொட்டி மனசாட்சிக் குவியல்னு பேரு வெச்சிருக்காங்க. நான் படத்துல பாத்தேன், அன்னைக்கு பூரா மனசு சரியில்ல.

லதா: பாலைவன ரோஜா வாங்குனேன், சோப்புத் தண்ணில ஊறப் போட்டு கழுவலாமா?

அய்யோ போடாதீங்க. அது ஜிப்சம், நகத்தால கீறலாம், தண்ணில கரையும். காஞ்ச பிரஷ் போதும்.

சேகர்: அக்கா, திருப்பி அனுப்பிடுறேன். எடுக்குறதுக்கு முன்னாடி அந்த எடத்துலயே வெச்சு ஒரு போட்டோ புடிச்சிருக்கேன், பின்னாடி மலை எல்லாம் தெரியுது.

நல்லது சேகர். அந்தப் போட்டோவயும் பிரிண்ட் போட்டு உள்ள வைங்க.