சொத்தில் சமபங்கு சட்டம் இருந்தும் பெண்கள் கைக்கு ஏன் வருவதில்லை?
தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது. அதற்குமுன் மணமானவர்களுக்கு இருந்த விலக்கையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் நீக்கியது. ஆனாலும் பங்கு பெரும்பாலும், அதை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கரைந்துவிடுகிறது. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, "உனக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே" என்று கையெழுத்து கேட்பார்கள். (சீர் வாங்கியதால் பங்கு போகாது.) மறுத்தால் தாய்வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் நிற்கும். புகுந்த வீட்டில் பிரச்சினை என்றால் போக வேறு இடம் ஏது? இந்தப் பயம்தான் கையெழுத்து போட வைக்கிறது.

பதிவான பத்திரத்தை ரத்து செய்ய உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். ஏமாற்றையும் மிரட்டலையும் நிரூபிப்பது பெரும்பாடு. எனவே கையெழுத்துக்கு முன்பே வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் உள்ளதா பாருங்கள், சொத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியுள்ளன என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருந்தால் பதற வேண்டாம், பட்டா மாற்றத்தால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது.