வாசகர் கேள்வி – பதில்: மூங்கில் உண்டியலும் கோயில் இளைஞர் குழுவும்

தீபாவளிக்கு அரிசி, பருப்பு கொடுக்கும்போது எங்கள் கோயில் இளைஞர் குழுவில் ஆள் நிறைய. பொங்கலுக்குள் ஐந்தாறு பேர்தான் மிச்சம். தைவானிலிருந்து வந்த சூ சி பௌத்த அறநிறுவனம் மட்டும் பினாங்கில் எப்படி இப்படி வேரூன்றியது?
– வாசகி, பிறை

சிறு தொகையை விடாமல் சேர்த்ததுதான் அவர்களின் பலம். 1966-இல் தைவானின் ஹுவாலியன் நகரில் பிக்குணி செங் யென் தொடங்கியபோது உடன் இருந்தவர்கள் 30 இல்லத்தரசிகள். தினமும் சந்தைக்குக் கிளம்புமுன் ஆளுக்கு அரை தைவான் டாலரை மூங்கில் உண்டியலில் போட்டார்கள். மாதம் 15 டாலராகக் கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதானே? ஆனால் தினம் போட்டால்தான் உதவும் எண்ணமும் தினம் எழும் என்றார் செங் யென். சந்தையில் அதைப் பேசப் பேச ஆள் சேர்ந்தது.

வெளிநாடுகளிலும் தொழிலுக்காகக் குடியேறிய தைவான் குடும்பங்களே பெரும்பாலும் தொடங்கி வைத்தன. உள்ளூர்க்காரர்கள் பொறுப்பெடுத்த பிறகுதான் கிளைகள் வளர்ந்தன. பினாங்கில் 1997-இல் இலவச டயாலிசிஸ் மையம் திறந்தார்கள். சிறுநீரக நோயாளிக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் வேண்டும். பண்டிகைக்கு மட்டும் கூடும் குழுவால் அதைத் தாங்க முடியுமா?

உங்கள் குழு ஒரே ஃபிளாட் கட்டடத்தில் ஐந்து குடும்பங்களை மட்டும் எடுக்கட்டும். மாதம் ஒருமுறை, அதே இருவர் போக வேண்டும். ஆள் மாறினால் அந்த வீட்டு அம்மா தன் கஷ்டத்தை மறுபடி முதலிலிருந்து சொல்ல நேரும். மூன்றாவது தடவை கதவு திறக்காது. முதல் சந்திப்பில் பணம் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். வாடகை ரசீது, மின்கட்டண பில், கிளினிக் அட்டை, பள்ளி போகும் பிள்ளைகள் என விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். எதைத் தருவது என்பதைக் குழு கூடி முடிவு செய்யட்டும். அரிசி மூட்டையோடு அவர்களை நிறுத்திப் படம் எடுப்பதை அடியோடு விடுங்கள். அது மனதைப் புண்படுத்தும். பணப்பெட்டி ஒருவரிடம், கணக்குப் புத்தகம் வேறொருவரிடம் இருக்கட்டும். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க, மலேசியாவின் 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் தேவை.

இந்துக்கள் சூ சியில் தொண்டு செய்யலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

தாராளமாக. மதம் மாறச் சொல்வதில்லை. சாம்பல் நிறச் சட்டையோடு தொடங்கி, பயிற்சி முடித்து, நீலச் சட்டை வெள்ளைக் கால்சட்டைக்கு வரப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் ஆகும். அந்த நிலைக்கு மது, புகை, சூதாட்டம், பாக்கு, கட்சி அரசியல் எதுவும் கூடாது. நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்கள் முதலில் அதை விட வேண்டும்!

சூ சியின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனதில் பாதியை ஒதுக்கிவிட்டார்களே, ஏன்?
– வாசகி, சுங்கை டுவா

பெரும்பாலும் எண்ணெயும் ஈரமும்தான் காரணம். நாசி லெமாக் மடித்த பழுப்புத் தாளின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. அதில் சம்பலும் ஒட்டியிருந்தால் குப்பைதான். அட்டைப்பெட்டியை மழையில் நனையவிடாதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கழுவி, மூடியைக் கழற்றி, நசுக்கித் தாருங்கள். மூடி வேறு வகை பிளாஸ்டிக், அதைத் தனிப் பையில் போடுங்கள்.