போர்வைக்குள் இங்கிலீஷ்

கேள்வி: அக்கா, நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகள் தரம் 10 படிக்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே போன். இரவானால் அதைத் தூக்கிக்கொண்டு போர்வைக்குள் போய்விடுகிறாள். கேட்டால், "இங்கிலீஷ் படிக்கிறேம்மா" என்கிறாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நம்புவதா, பிடுங்கி வைப்பதா?
— ஒரு தாய், பொகவந்தலாவை, இலங்கை

பதில்: பிடுங்க வேண்டாம் தங்கச்சி. போர்வையை மட்டும் விலக்குங்கள்.

அவள் ஒளிவதற்கு வெட்கமும் காரணமாக இருக்கலாம். நம் பிள்ளைகள் தரம் 3 முதல் பாடமாக ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆனாலும் எழுந்து ஒரு வரி சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நானும் ஒருநாள் வகுப்பில் 'இஸ்கூல்' என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பாடவேளையில் நான் வாயே திறக்கவில்லை. போன் சிரிக்காது. ஒரு சொல்லைப் பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித்தரும். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போவதில் என்ன ஆச்சரியம்?

உங்கள் சந்தேகமும் தப்பில்லை. 2020இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறினார்கள். அன்றிலிருந்து "படிக்கத்தான்" என்றால் போன் கைக்கு வந்துவிடும். பாடத்திலிருந்து பாட்டுக்கும் கேமுக்கும் தாவ ஒரு விரல் போதும்.

படிக்கிறாளா என்று பார்க்க உங்களுக்கு இங்கிலீஷ் தேவையில்லை. அரை மணி நேரம் கழித்து, "என்ன கேட்டே? தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். கேட்டிருந்தால் கதையாகச் சொல்வாள். இல்லாவிட்டால் விழிப்பாள். நாலு நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நல்ல நிகழ்ச்சி. பேசுவது எழுத்திலும் கிடைக்கும். சிக்னல் உள்ள நேரத்தில் இறக்கி வைத்துவிட்டு, டேட்டாவை அணைத்துவிட்டுக் கேட்கட்டும். பாடப்புத்தகங்கள் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் இருக்கின்றன. ஒன்பது மணிக்குப் போன் உங்கள் தலைமாட்டுக்கு வந்துவிட வேண்டும். விடியற்காலை அலாரம் அடிக்க உங்களுக்கும் அது வேண்டுமே!

ஆனால் போனைக் கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு இஸ்தோப்பில், அதுதான் வாசல் திண்ணையில், உட்கார்ந்து, கேட்டதைச் சத்தமாகப் பேசிப் பார்க்கட்டும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். வேலை நாளைப் பதியும் செக்ரோல், தோட்டத்தின் டிவிசன், கொழுந்து அரைக்கும் இஸ்டோர் என்று நாள்தோறும் நீங்கள் சொல்வதெல்லாம் இங்கிலீஷ்தான். அவற்றை எப்படி எழுதுவது என்று அவளிடம் கேளுங்கள். முதலில் செக்ரோல்.