அம்மா முட்டிக்கு என்ன அவசரம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயசு, சுகர் இருக்கு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, படி ஏற முடியல, ராத்திரி வலில தூக்கமும் இல்ல. மதுரைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ரெண்டையும் ஒரே தடவைல ரோபோ வச்சு மாத்திடலாம், பேக்கேஜ் நாலரை லட்சம், இந்த மாசமே பண்ணா சலுகை உண்டுங்கிறாங்க. ஒண்ணரை வருஷம் முன்னாடி எடுத்த இன்சூரன்ஸ் பாலிசி இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா "மூட்டு மாத்தினவங்க யாரு நல்லா நடந்தா"ன்னு பயமுறுத்துறாங்க. என்ன பண்றதும்மா? - ஒரு மகள், விருதுநகர்

பதில்: முட்டி ஆபரேஷனுக்குச் சலுகைன்னு படிச்சதும் எனக்கு ஆடித் தள்ளுபடிதான் ஞாபகம் வந்துச்சு. பண்ணவே வேண்டாம்னு சொல்ல வரல, ராத்திரி தூக்கம் கெடுற அளவுக்கு வலி இருந்து எக்ஸ்ரேலயும் எலும்போட எலும்பு உரசுதுன்னு தெரிஞ்சா மாத்திக்கிறதுதான் சரி. ஆனா இது ஹார்ட் அட்டாக் இல்லம்மா, தேஞ்ச முட்டி இன்னும் ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கும்.

ஏன் ஆறு மாசம்னா, உன் பாலிசிதான். நம்ம ஊர் பாலிசி பெரும்பாலானதுல மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷம் வெயிட்டிங் இருக்கும், விபத்துல அடிபட்டா மட்டும்தான் விலக்கு. இப்ப போனா கேஷ்லெஸ் கேட்ட அன்னைக்கே ரிஜெக்ட்னு வரும், முழுப் பணமும் உன் கைலருந்துதான். பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே முட்டிக்கு வைத்தியம் பார்த்த சீட்டு ஏதாவது இருந்தா வெயிட்டிங் மூணு வருஷம் வரைக்கும்கூட போகலாம், அதனால பாலிசி பேப்பரை எடுத்து அந்தப் பக்கத்தை ஒரு தடவை நிதானமா படி. ரூம் வாடகைக்கு லிமிட் போட்டிருக்காங்களான்னும் பாரு, லிமிட்டுக்கு மேல ரூம் எடுத்தா ரூம் காசு மட்டும் இல்ல டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜுலயும் அதே விகிதத்துல கழிச்சிருவாங்க.

எங்கம்மாவுக்குப் பண்ணும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. பேக்கேஜ்னு ஒரு தொகை சொன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன், டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பில் பார்த்தா ஹார்ட் டாக்டர் பார்த்தது தனி, ஒரு நாள் ஐசியூ தனி, ரத்தம் தனி, வாக்கர் தனி, காலுக்கு மாட்டுற இறுக்கமான சாக்ஸ்கூட தனி, மொத்தத்துல அறுபதாயிரம் ஏறி நின்னுச்சு. பில்லிங் கவுன்டர்ல அழுதுக்கிட்டே வளையலைத் தடவிப் பார்த்தவ நான். நீ என்ன அடக்கம், என்ன அடங்காதுன்னு பேப்பர்ல எழுதி வாங்கு.

உள்ள வைக்கிற மூட்டோட விலைக்கும் உச்சவரம்பு உண்டு. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு நிர்ணயிச்சப்போ சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய், டைட்டானியம், சிர்கோனியம் வகை 76,600, ஜிஎஸ்டி தனி. அதுக்கு முன்னாடி ஒன்றரை லட்சத்துக்கு மேல வித்த சாமான் இது! அதனால 'கோல்டு முட்டி', 'இம்போர்ட்டட்'னு யாராவது ஆரம்பிச்சா பில்லுல மூட்டுக்கு எவ்வளவுன்னு தனியா காட்டச் சொல்லு. மூட்டு டப்பால வர்ற ஸ்டிக்கரை கேஸ் ஷீட்ல ஒட்டுவாங்க, கம்பெனி பேரு, சைஸு, லாட் நம்பர் எல்லாம் அதுல இருக்கும், அதோட காப்பியையும் மறக்காம வாங்கி வை.

ரோபோன்னா மெஷினே ஆபரேஷன் பண்ணும்னு நினைச்சுக்காத, பெரும்பாலும் எலும்பை எவ்வளவு வெட்டணுங்கிற அளவுல டாக்டர் கையைப் பிடிச்சு நிறுத்துற கருவி அது, அவ்வளவுதான். அந்த டாக்டர் வருஷத்துக்கு எத்தனை முட்டி பண்றாருன்னு கேளு, அதுல கிடைக்கிற தைரியம் ரோபோல கிடைக்காது. ரெண்டு முட்டியும் ஒரே தடவைங்கிறதும் சுகர் இருக்கிறவங்களுக்கு இதயத்துக்குக் கொஞ்சம் பாரம்தான், ஹார்ட் டாக்டர் சரின்னா மட்டும் யோசி. எங்கம்மாவுக்கு ஒண்ணு முடிச்சு அஞ்சு மாசம் கழிச்சுதான் அடுத்தது.

இந்த ஆறு மாசத்துல சுகரைக் கீழ கொண்டு வா, மூணு மாச சராசரி (HbA1cன்னு ரத்த டெஸ்ட்ல வர்றது) 8க்கு மேல இருந்தா நிறைய டாக்டருங்க தேதியே குடுக்க மாட்டாங்க, இன்ஃபெக்ஷன் பயம். சொத்தைப் பல் இருந்தா முன்னாடியே பார்த்துடு. தொடைக்குப் பலம் ஏத்துற பயிற்சியை இப்பவே பிசியோதெரபிஸ்ட்கிட்ட கத்துக்கச் சொல்லு, கட்டில்ல காலை நீட்டி முட்டியைக் கீழ அமுக்கி பத்து எண்ணுறது, அவ்வளவு சுலபம்தான்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்றது முழுப் பொய்யும் இல்ல. பத்துல எட்டு பேரு திருப்தியா இருப்பாங்க, மிச்ச ரெண்டு பேருக்கு வலியோ இறுக்கமோ கொஞ்சம் தங்கிடும். மூட்டு என்னவோ பெரும்பாலானவங்களுக்கு இருபது, இருபத்தஞ்சு வருஷம் உழைக்குது, ஆனா மடக்கிப் பழகாம படுத்தே கிடந்தா முட்டி இறுகிப் போயிடும். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே வாக்கர் பிடிச்சு எழுப்பி விட்டுருவாங்க. வீட்டுக்கு வந்தப்புறம்தான் நிஜமான கூத்து, பிசியோ தம்பி வந்து முட்டியை மடக்கும்போது எங்கம்மா அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாங்க, அவன் "இன்னும் கொஞ்சம் பாட்டி, இன்னும் கொஞ்சம்"னு சிரிச்சுக்கிட்டே தொண்ணூறு டிகிரிக்குக் கொண்டு வந்தான். வலிக்குதேன்னு முட்டிக்கு அடில தலகாணி வச்சுக் குடுத்தவ நான்தான், கால் நேரா நீள மாட்டேங்குதுன்னு அதுக்கும் அந்தத் தம்பிகிட்ட திட்டு வாங்கினேன். வைக்கணும்னா குதிகாலுக்கு அடில துண்டைச் சுருட்டி வைக்கணுமாம்.

ரோபோவுக்குக் கேக்குற காசை மிச்சம் பண்ணி ஆறு வாரத்துக்கு வீட்டுக்கே வர்ற பிசியோவுக்குக் குடு. அந்த ஆறு வாரம் அம்மாகூட யாரு இருப்பா, நீயா, தம்பி பொண்டாட்டியா, லீவு யாருக்குக் கிடைக்கும்னு தேதி வாங்குறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிக்கோங்க. அப்புறம் உங்க வீட்டுல இந்தியன் டாய்லெட்னா வெஸ்டர்னா மாத்த கொத்தனாரை இப்பவே கூப்பிட்டுரு, எங்க வீட்டுல ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னைக்குத்தான் பூசுன சிமென்ட் காயாம கிடந்துச்சு.