வாக்கும் வாய்தாவும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகள் மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். ரேடியாலஜியில் மேற்படிப்பு என்பது முதலாம் ஆண்டிலிருந்தே அவளுடைய ஆசை. போன மாதம் வந்திருந்தபோது அந்த எண்ணத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். "மனிதர்களையெல்லாம் மிஞ்சும் அறிவு இன்னும் சில வருடங்களில் வந்துவிடும் என்று செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தலைவர்களே சொல்கிறார்கள் அத்தை. அதன் பிறகு ஸ்கேன் பார்க்க டாக்டர் எதற்கு?" என்றாள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. என்னுடன் வேலை பார்ப்பவர்களில் பலருக்கும் இல்லை. ஏன் இல்லை என்று அவள் கேட்டபோது பதில் சொல்ல வரவில்லை. சாட்ஜிபிடியை நான் தினமும் பயன்படுத்துகிறேன், நன்றாகத்தான் உதவுகிறது. தொழில்நுட்பம் புரியாததால்தான் சாதாரண மக்கள் சந்தேகப்படுகிறார்கள் என்கிறார்களே, எங்கள் அவநம்பிக்கை வெறும் அறியாமைதானா?

ம.

அன்புள்ள ம.,

அறியாமை இல்லை. கருவியைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள், ஆனாலும் அந்தப் பேச்சை நம்பவில்லை. இதில் ஏதோ முரண்பாடு இருப்பதாகத் தயங்குகிறீர்கள். எனக்கு அதில் தெளிவுதான் தெரிகிறது. கையில் இருப்பதைப் புழங்கிப் பார்த்து எடை போட்டிருக்கிறீர்கள். வரப்போவதாகச் சொல்லப்படும் ஒன்றைப் புழங்கிப் பார்க்க வழியில்லை. அப்போது சொல்கிறவரைத்தான் பார்க்க முடியும். முன்பு சொன்னதைச் செய்தாரா, கெடு தவறியபோது என்ன சொன்னார், தவறியதால் அவருக்கு ஏதேனும் நஷ்டம் உண்டா? கைமாற்றுக் கேட்டு வருகிறவரிடம் நாம் பார்ப்பதும் இதைத்தான். அதற்குக் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் 2024 செப்டம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். இன்னும் "ஒரு சில ஆயிரம் நாட்களில்" அதிநுண்ணறிவு, அதாவது மனிதர்களையெல்லாம் மிஞ்சும் அறிவு, நம்மிடம் இருக்கக்கூடும் என்று அதில் சொன்னார். அதை ஒட்டியே, அதற்கு மேலும் ஆகலாம், ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கை தமக்கு உண்டு என்றார். நாட்கணக்கில் சொன்னதும் காதுக்கு மிக அருகில் வந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து வகுத்துப் பாருங்கள். இரண்டாயிரம் நாள் என்றால் ஐந்தரை ஆண்டு. ஐயாயிரம் என்றால் பதினான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒன்பதாயிரம் என்றால் இருபத்து நான்கரை ஆண்டு. இவை எல்லாமே "ஒரு சில ஆயிரம்" என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேல் "கூடும்" என்று ஒரு காப்பு, "மேலும் ஆகலாம்" என்று இன்னொரு காப்பு. இந்த வாக்கியம் பொய்யாகும் நாள் என்று ஒன்று நாட்காட்டியில் கிடையாது. உங்கள் அண்ணன் மகள் இதைத்தான் கெடு என்று எடுத்துக்கொண்டு, தன் படிப்பை மாற்றப் பார்க்கிறாள்.

தேதி போட்டுச் சொன்ன வாக்குகளும் உண்டு. தன் டெஸ்லா நிறுவனத்தின் கார் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை யாரும் தொடாமலே 2017 முடிவதற்குள் ஓடிக் காட்டும் என்று எலான் மஸ்க் 2016 அக்டோபரில் சொன்னார். ஓடவில்லை. அடுத்த ஆண்டு பத்து லட்சம் ஓட்டுநரில்லா டாக்ஸிகள் தெருவில் இருக்கும் என்று 2019 ஏப்ரலில் சொன்னார். 2025 ஜூனில் ஆஸ்டின் நகரில் சில கார்களோடு தொடங்கினார்கள்; அப்போதும் முன் இருக்கையில் கண்காணிக்க ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். எந்த மனிதரையும்விட அறிவான இயந்திரம் அனேகமாக 2025 முடிவதற்குள் வந்துவிடும் என்று 2024இல் சொன்னவரும் இவர்தான். ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க்கின் கதை வேறு மாதிரி. 2021இல், கண்ணாடி மாட்டிக்கொண்டு நுழையும் மெய்நிகர் உலகமான மெட்டாவெர்ஸ்தான் எதிர்காலம் என்று நிறுவனத்தின் பெயரையே மாற்றினார். அதைச் செய்யும் பிரிவு 2022 முதல் 2024 வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும் 4,700 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. 2025 ஜூலையில் அதே மனிதர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் அதிநுண்ணறிவு என்று கடிதம் வெளியிட்டார். நீதிமன்றத்தில் இத்தனை முறை வாய்தா கேட்டால் நீதிபதி கேள்வி கேட்பார். இங்கே ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதிதாகப் பணம் திரள்கிறது.

பணம்தான் இந்தப் பேச்சை இவ்வளவு பெரிதாக்குகிறது என்பது என் எண்ணம். 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐயும் அதன் கூட்டாளிகளும் ஸ்டார்கேட் என்ற பெயரில், நான்கு ஆண்டுகளில் 50,000 கோடி டாலர் செலவில் தரவு மையங்கள் கட்டப்போவதாக அறிவித்தார்கள். கடிதம் எழுதவும் கட்டுரை சுருக்கவும் நிரல் எழுதவும் உதவும் ஒரு நல்ல கருவியைக் காட்டி அவ்வளவு பணம் கேட்க முடியாது. எல்லா மனிதர்களின் எல்லா வேலையையும் செய்யும் ஒன்று என்றால் கேட்கலாம். செலவின் அளவுக்கு ஏற்ப வாக்கின் அளவும் வீங்குகிறது. இதைச் சொல்கிறவர்கள் மனமறிந்து பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் உளமார நம்புகிறார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் ஒருவருடைய நம்பிக்கையும் வருமானமும் ஒரே திசையில் போகும்போது, கேட்பவர் சற்று விலகி நின்று கேட்பது நியாயம்.

மக்களுக்கு விவரம் தெரியாது என்ற வாதத்துக்கு வருகிறேன். பியூ ஆய்வு மையம் 2025இல் வெளியிட்ட கணக்கில், அடுத்த இருபது ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு அமெரிக்காவுக்கு நன்மை செய்யும் என்று சொன்ன பொதுமக்கள் 17 சதவீதம். துறை வல்லுநர்கள் 56 சதவீதம். இந்த இடைவெளியைக் காட்டித்தான் மக்களுக்குப் புரியவில்லை என்கிறார்கள். அதே ஆண்டு, செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களின் பழைய சங்கமான ஏஏஏஐ, 475 பேரிடம் கருத்துக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. இப்போதைய முறைகளையே மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டு போனால் மனிதருக்கு நிகரான பொது நுண்ணறிவு கிடைத்துவிடுமா என்ற கேள்விக்கு, வாய்ப்பில்லை என்றோ பெரிதும் வாய்ப்பில்லை என்றோ சொன்னவர்கள் 76 சதவீதம். மனிதருக்கு நிகரானதற்கே இந்தப் பதில் என்றால், மிஞ்சியதைப் பற்றி என்ன சொல்ல? உங்கள் அலுவலகத்தில் தலையை ஆட்டி மறுக்கிறவர்கள் இந்த விஷயத்தில் ஆய்வாளர்களில் பெரும்பான்மையோரின் பக்கம்தான் நிற்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறோர் இடத்தில். 2023 மே மாதம் ஒரே வாக்கியத்தில் ஓர் அறிக்கை வந்தது. செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் ஆபத்தைத் தணிப்பது, பெருந்தொற்றையும் அணு ஆயுதப் போரையும் போல உலகம் முன்னுரிமை தர வேண்டிய விஷயம் என்றது அது. ஆல்ட்மன், இதே துறையின் ஆந்த்ரோபிக் நிறுவனத் தலைவர் டாரியோ அமோடெய், கூகுள் டீப்மைண்டின் தலைவர் டெமிஸ் ஹசாபிஸ் மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஓப்பன்ஏஐ ஒரு தனிக் குழுவை அறிவித்தது. அதிநுண்ணறிவை மனிதரின் கட்டுப்பாட்டுக்குள் வைக்கும் வழியை நான்கு ஆண்டுகளில் கண்டுபிடிப்பது அதன் வேலை. அதுவரை கைக்கு வந்திருந்த கணினித் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு ஒதுக்கப்படும் என்றார்கள். 2024 மே மாதம் அந்தக் குழு கலைக்கப்பட்டது. பத்தே மாதம். குழுவின் இரு தலைவர்களும் வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான யான் லைக்கே, பளபளப்பான தயாரிப்புகளுக்கு வழிவிட்டுப் பாதுகாப்பு பின்னிருக்கைக்குப் போய்விட்டது என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினார். மற்ற வாக்குகள் தவறினால் ஒரு கார் வராமல் போகும், ஒரு கண்ணாடி விற்காமல் போகும். இது அவர்களே உயிர் ஆபத்து என்று எழுதிக் கையெழுத்திட்ட விஷயம். இதிலேயே சொன்ன சொல் நிற்கவில்லை என்றால், மக்கள் எதை வைத்து நம்புவார்கள்?

நிறுவனங்கள் சொல்வது எல்லாமே இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். நம்பத் தகுந்த ஒரு கூற்று எப்படி இருக்கும் என்பதற்கு இதே துறையில் எனக்குப் பிடித்த ஓர் உதாரணம் உண்டு. புரதங்கள் எப்படி மடிகின்றன என்பதைக் கணிப்பவர்களுக்காக 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காஸ்ப் என்ற போட்டி நடக்கிறது. ஆய்வகத்தில் வடிவம் கண்டறியப்பட்டு, ஆனால் இன்னும் வெளியிடப்படாத புரதங்களைத் தேடி எடுக்கிறார்கள். அமினோ அமிலங்களின் வரிசையை மட்டும் போட்டியாளர்களிடம் கொடுக்கிறார்கள். விடை அவர்களில் ஒருவரிடமும் இல்லை. இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. கணிப்பைக் கொடுத்து முடித்த பிறகுதான் உண்மையான வடிவத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். 2020இல் டீப்மைண்டின் ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரல் இதில் கலந்துகொண்டது. நூற்றுக்கு அதன் இடைநிலை மதிப்பெண் 92.4. ஐம்பது ஆண்டாக உயிரியலாளர்கள் மல்லுக்கட்டிய கணக்கு அது. அந்த முடிவு வந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. இங்கே கேள்வி முன்கூட்டியே தெளிவாக இருந்தது, திருத்தியவர்கள் வேறு ஆட்கள், தோற்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதிநுண்ணறிவுக்கு அப்படி ஒரு தேர்வை யாரும் வைக்கவில்லை. எதைச் செய்து காட்டினால் அது வந்துவிட்டதாகக் கொள்வது என்பதில்கூட அவர்களுக்குள் ஒப்புதல் கிடையாது.

அதற்காக அது வரவே வராது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பத்து ஆண்டுகளுக்குள் கணினி உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆகிவிடும் என்று ஹெர்பர்ட் சைமன் 1957இல் சொன்னார். 1997இல்தான் ஐபிஎம்மின் டீப் புளூ காஸ்பரோவை வென்றது. வந்தது, நாற்பது ஆண்டு கழித்து வந்தது. நான் சொல்வது காலக்கெடுவைப் பற்றி மட்டும்தான். ஒருத்தி தன் வாழ்க்கைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, பத்துக்கும் நாற்பதுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதில்லை.

இனி ரேடியாலஜி. உங்கள் கடிதத்தில் அந்தத் துறையின் பெயரைப் பார்த்ததும் எனக்கு 2016தான் நினைவுக்கு வந்தது. ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்குள் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் பார்க்கும் என்று ஜெஃப்ரி ஹின்டன் அந்த ஆண்டு சொன்னார். மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் இன்னும் குனிந்து பார்க்காத கார்ட்டூன் ஓநாயோடு அவர்களை ஒப்பிட்டார். ஹின்டன் பங்கு விற்க வந்தவர் இல்லை. இந்தத் துறையின் அடித்தளத்தைப் போட்டவர்களில் ஒருவர், 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருக்கே கணக்கு தவறியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2016க்குப் பிறகு ரேடியாலஜி மருத்துவர்களின் எண்ணிக்கை ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. அவர்கள் இயந்திரத்தை ஒதுக்கி வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். சிறுநீரகத்தின் கன அளவைக் கையால் கோடு வரைந்து அளப்பது போன்ற அலுப்பூட்டும் வேலைகளை மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள். எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்வது, பழைய படத்தோடு ஒப்பிட்டு நோயாளியின் கதையோடு சேர்த்துப் படிப்பது, அறுவை மருத்துவரை அழைத்து இதைக் கவனியுங்கள் என்று சொல்வது, அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்திச் சதை எடுப்பது எல்லாம் அவர்களிடமே இருக்கின்றன. தாம் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டதாகவும் படத்தை ஆராயும் வேலையை மட்டுமே மனத்தில் கொண்டிருந்ததாகவும் ஹின்டன் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு என் வணக்கம். ஆனால் 2016இல் அவர் பேச்சைக் கேட்டு வேறு துறைக்குப் போன மாணவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

கடைசியில் செலவு விழும் இடம் அதுதான். அலுவலகத் தொடக்கநிலை வேலைகளில் பாதி ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் போய்விடக்கூடும் என்று அமோடெய் 2025இல் சொன்னார். சொன்னது நடக்காவிட்டால் அவர் ஒரு புதிய கட்டுரை எழுதலாம். அதை நம்பிப் படிப்பைக் கைவிட்ட இருபத்து மூன்று வயதுப் பெண் என்ன எழுதுவாள்?

அவளிடம் என் கடிதத்தைக் காட்டுங்கள், ஆனால் இதை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி ஆண்டு மாணவி என்பதால் தன் மருத்துவமனையிலேயே அனுமதி கேட்க முடியும். ஒரு நாள் முழுக்க ஒரு ரேடியாலஜிஸ்டின் பக்கத்தில், அந்த இருட்டறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கட்டும். மென்பொருள் குறித்துக் கொடுத்ததில் எத்தனையை அவர் அப்படியே ஏற்கிறார், எத்தனையைத் திருத்துகிறார் என்று எண்ணட்டும். அன்று எத்தனை முறை அவர் போனை எடுத்து இன்னொரு மருத்துவரிடம் பேசினார் என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். என்ன பார்த்தாள் என்று எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.