பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பில் இடது முன் டயர் மட்டும் உள்பக்கமாகத் தேய்கிறது, இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் நிற்கவில்லை. எதைப் பார்ப்பது?

கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வரும் ஜிப்ஸி கிங், அவ்வப்போது கடற்கரை மணலிலும் இறங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். புதுச்சேரியில் நானும் ஒரு பழைய ஜிப்ஸி வைத்திருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன்: மூன்றாவது முறையாக அலைன்மென்ட் கடைக்குப் போகாதீர்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஜிப்ஸியின் முன்பக்கம் மாருதி 800 மாதிரி கிடையாது. குறுக்கே ஆக்சிலை மூடிய ஒரே இரும்புக் கூடு (ஆக்சில் ஹவுசிங்), அதைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டை, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே கம்பி (டை ராட்). இதில் கடைக்காரர் திருகி மாற்றக்கூடியது டோ மட்டும்தான், அதாவது சக்கரங்களின் முன் விளிம்பு உள்ளே திரும்பியிருக்கிறதா (டோ-இன்), வெளியே திரும்பியிருக்கிறதா (டோ-அவுட்) என்பது. கேம்பருக்கும் (சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்வது) காஸ்டருக்கும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னே பின்னே சாய்வது) அங்கே திருக எதுவும் இல்லை. டோ தப்பாக இருந்தால், வண்டி ஓடும்போது அந்தத் தப்பை இரண்டு சக்கரமும் பங்குபோட்டுக்கொள்ளும், கொஞ்சம் முன்னே பின்னே இரண்டு டயருமே தேயும். உங்களுக்குத் தேய்வது ஒன்றே ஒன்று, அதுவும் உள் ஓரம். அப்படியென்றால் அந்தச் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து ஓடுகிறது. அந்தச் சாய்வுக்குக் காரணம் தெரியாமல் டை ராடைத் திருகி என்ன பயன்?

எதற்கும் முதலில் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டன்களின் (டயர் மேலுள்ள ரப்பர் கட்டைகளின்) மேல் வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே இழுத்தால் கூர்மையாகத் தட்டுப்படவும் செய்தால் டோ-இன் அதிகம். எதிர்ப்பக்கம் தட்டுப்பட்டால் டோ-அவுட். எந்தப் பக்கமும் தட்டாமல், ஓரம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தால் கேம்பர். இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர், வீல் பேலன்சிங், பேரிங் இந்த மூன்றையும் சந்தேகப்படுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்து ஜாக்கி. பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இடது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி தூக்குங்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், அப்போதும் ஆடினால் கிங்பின் பேரிங், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அதன் பேரிங். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பார்க்காமல் நல்ல வீல் பேரிங்கைக் கழற்றி மாற்றும் பட்டறைகள் நம் பக்கம் இருக்கின்றன, அது எனக்கு மிகவும் வருத்தம். உங்கள் வண்டிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கிங்பினைத்தான். நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகத்தின்) பின்னால் உருண்டையைச் சுற்றி இருக்கும் சீல் கிழிந்தால் மணலும் மழைத்தண்ணீரும் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும், கடலோர வண்டிக்கு இது சீக்கிரமே நடக்கும். பேரிங் மாற்றும்போது சீலையும் மாற்றச் சொல்லுங்கள். ஷிம் தகடுகளை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) சரியாகப் போட்டு இறுக்கம் பார்க்கவும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் ஒன்று கல்லாகும் அல்லது உதறும்.

ஆட்டமே இல்லையா? அப்போது ஹவுசிங் வளைந்திருக்கலாம். ஒரு பெரிய பள்ளத்தில் அடி விழுந்தால் போதும், ஹவுசிங்கின் முனை மேலே வளைந்து சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும். வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டை சக்கரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும், கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வலது சக்கரத்திலும் அதையே செய்யுங்கள். இடதில் மேல் இடைவெளி தெளிவாக அதிகமாக இருந்தால் வளைவுதான், அது லேத்திலும் பிரஸ்ஸிலும் முடியும் வேலை.

அப்படியே முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துவிடுங்கள். ஜிப்ஸி கிங்கின் வீல்பேஸ் 2375 மில்லிமீட்டர், ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இடமும் வலமும் ஒரே அளவு வர வேண்டும். வராவிட்டால் லீஃப் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தோ, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் தளர்ந்தோ ஆக்சில் நகர்ந்திருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மணலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறியதும் ஃபோர் வீலை (நான்கு சக்கரமும் இழுக்கும் கியரை) எடுத்துவிடுங்கள். இந்த வண்டிக்கு நடுவில் டிஃபரென்ஷியல் (முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) கிடையாது, காய்ந்த தாரில் வளைக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டயரை அரைக்கும்.

ஆட்டமெல்லாம் சரியான பிறகுதான் அலைன்மென்ட். டை ராட் எண்டுகளில் ஆட்டம் இல்லையா, அதன் லாக் நட் துருவில் இறுகிக் கிடக்கிறதா என்று முந்தின நாளே பார்த்து எண்ணெய் விட்டு வையுங்கள், உப்புக்காற்றில் அது திரும்பாது, திரும்பாததை யாரும் திருப்ப மாட்டார்கள். திருப்புவதற்கு முன் இருந்த அளவு, திருப்பிய பின் உள்ள அளவு இரண்டையும் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். கேம்பர் அளவும் அதில் இருக்கும், இடமும் வலமும் ஒப்பிட்டுப் பாருங்கள். புது டயரை அதற்குப் பிறகு போடுங்கள், தேய்ந்ததை இப்போதே ஸ்டெப்னிக்குப் போட்டுவிடலாம், ஓரத்திலும் இன்னும் பட்டன் மிச்சமிருந்தால் மட்டும்.